சந்தனம் வைத்த மெயின் போர்டு

பண்டமாரானில் எங்கள் வரிசையின் கடைசி வீட்டுக்குக் கலர் டிவி வந்த வருடம் அது. லோரியிலிருந்து பெட்டியை இறக்கும்போது பிள்ளைகளெல்லாம் மழையில் நின்றார்கள். நாங்களும் ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வைத்திருந்தோம். அதற்குள் என் மனைவி தோசை மாவு விற்க கிரைண்டர் வாங்கினாள். அதைப் போட்டாலே ஃபியூஸ் போய் வீடு இருண்டது. மெயின் போர்டை மாற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டேன். ஒரு போர்டுக்கு எவ்வளவு ஆகும் என்று வந்ததும் அவரிடம் கேட்டேன்.

"திறந்து பாக்காம எப்படி அண்ணே சொல்றது?" என்றவர், மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். "இது போர்டா, கோயிலா?"

வருடாவருடம் ஆயுத பூசைக்கு நாங்கள் அப்பிய சந்தனம் உள்ளே வழிந்திருந்தது. ஈரத்தில் ஒயர் முனைகள் பச்சை பூத்திருந்தன. பழைய ஒயரின் தோல் தொட்டதும் உதிர்ந்தது.

"போர்டு மட்டும் மாத்துனா பத்தாது லா. சமைக்கிற குசினி ஒயரும் போச்சு. போர்ட விட அதுக்குத்தான் காசு கூட."

"அப்ப டிவி?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஏன், டிவியா மாவு அரைக்கும்?"

டிவிப் பணம் சுவருக்குள் போனது. கிரைண்டர் நிற்காமல் ஓடியது. படம் பார்க்கக் கடைசி வீட்டுக்குத்தான் போனோம், கையில் மாவோடு.

பூசைக்குப் போர்டில் பொட்டு வைப்பவர்களைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள்: பக்கத்துச் சுவரில் வைத்தாலும் சாமி கோவிக்காது.