சபையில் நான் சொன்ன சாட்சி

இதை எழுதும்போதுகூட என் மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நாங்கள் அல்வாலில் இருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் மாதக்கணக்காகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. “ஐயாம் யூஸ்லெஸ், மம்மி” என்பாள். “இந்த வயசுல எல்லாருக்கும் இப்படித்தான்” என்று வாயை அடைத்துவிடுவேன்.

திடீரென்று ஒரு வாரம் அமைதியானாள். அழுகை நின்றது. அலமாரியை ஒழுங்காக அடுக்கினாள். யாரையும் தொடவிடாத கிட்டாரைத் தோழிக்குக் கொடுத்துவிட்டாள்.

என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்தேன். ஞாயிறு ஆராதனையில் மைக்கைப் பிடித்து, கர்த்தர் என் பிள்ளையை மாற்றிவிட்டார் என்று சாட்சி சொன்னேன். சபையே ‘ஸ்தோத்திரம்’ என்றது. அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை அந்தத் தோழி கிட்டாரோடு எங்கள் வாசலில் நின்றாள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்.

“ஆன்ட்டி, எனக்கு இது நக்கோ, வேணாம். இனிமே தனக்குத் தேவைப்படாதுன்னு சொல்லிக் குடுத்தா. பயமா இருக்கு. நீங்க அவகிட்ட நேரா கேளுங்க.”

உள்ளே போய்க் கேட்டேன். “செத்துடணும்னு தோணுதாம்மா?”

எப்போதும் இங்கிலீஷில் பதில் சொல்கிறவள் தமிழில் சொன்னாள். “ஆமா. ரொம்ப நாளா.”

அந்த நிமிஷத்திலிருந்து அவளைத் தனியே விடவில்லை. மறுநாளே மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். சிகிச்சை தொடர்கிறது. இப்போது என்னோடு சண்டை போடுகிறாள், கிட்டாரையும் எடுக்கிறாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. அவள் எங்களிடம் விடைபெற்றுக்கொண்டிருந்தாள். நான் அதற்கு மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.