நாப்லாவின் நெருப்பு

படுக்கப் போகுமுன் நாப்லா அடுப்பை மூடுவதற்கு ஒரு முறை உண்டு. சதுப்பில் வெட்டிக் காயவைத்து விறகுபோல எரிக்கும் மண்கட்டிகளில் இன்னும் சிவப்பாக இருக்கும் ஒன்றை எடுத்து நடுவில் வைப்பாள். சாம்பலை உள்ளங்கையால் நாலு பக்கமும் ஒதுக்கி மூடுவாள். காலையில் விரலால் கிளறினால் கங்கு விழித்திருக்கும். மாமியாரின் மாமியார் காலத்திலிருந்து அணையாத நெருப்பு அது. மேற்குக் கடலோரம் எங்கள் கன்னமாராப் பக்கம் வீடு என்றால் முதலில் அதுதான், சுவரெல்லாம் அப்புறம்.

உருளைக்கிழங்கு மறுபடி நிலத்திலேயே கறுத்து அழுகிய வருஷம், அவளுடைய இரண்டு பிள்ளைகளும் பாறையில் பாசி சுரண்டித் தின்றார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவன் குடும்பத்துக்கு சர்க்கார் கஞ்சி கிடையாது என்பது சட்டம். அவள் புருஷன் ஃபெஸ்டிக்கு இரண்டு ஏக்கர் குத்தகை. நிவாரண அதிகாரி ஊருக்கு வந்தபோது தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டான்:

"பொண்டாட்டி பிள்ளைங்கள மட்டும் ஏழை விடுதியில சேத்துக்குங்க ஐயா. நான் நிலத்தோட கெடந்து பாத்துக்கறேன்."

அப்படி ஒரு வழி இல்லை என்றார் அவர். நிலத்தை விட்டால்தான் யாருக்கும் இடம். வீட்டையும் அவனே இடிக்க வேண்டும் என்றது நிலத்துக்குச் சொந்தமான பண்ணை.

ஃபெஸ்டி கூரைமேல் ஏறினான். கீழே நின்ற பண்ணை ஆளிடம், "இடிக்கிறதுக்குக் கூலி உண்டா, இல்ல இதுவும் என் தர்மம்தானா?" என்றான்.

நாப்லா இடுக்கியில் கங்கோடு பக்கத்து வீடான எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, இத உங்க அடுப்புல சேத்துக்குங்க. திரும்பி வந்து வாங்கிக்கறேன்."

"உன்னுது எது, என்னுது எதுன்னு எப்படிடி பிரிப்பேன்?" என்றாள் என் அம்மா.

"ஒரு கட்டி குடுங்க, போதும். அது என்னுதுதான்."

விடுதியில் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களைப் பிள்ளைகளோடு மறுபக்கமும் பிரித்துவிட்டார்கள். குளிர்காலத்தில் காய்ச்சல் பெண்கள் பக்கம்தான் முதலில் புகுந்தது. வசந்தத்தில் ஃபெஸ்டி மட்டும் வந்தான். அம்மா அடுப்பிலிருந்து ஒரு கங்கு எடுத்து நீட்டினாள்.

"இத எங்க வைக்கறது, அக்கா?"

அப்படியே கப்பல் துறைப் பக்கம் நடந்துவிட்டான்.

பல வருஷம் கழித்து, நிவாரண அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. நிலம் வைத்திருப்பவனின் மனைவி மக்களை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற உத்தரவு, ஃபெஸ்டி கூரை ஏறுவதற்குச் சில மாதம் முன்பே வந்திருந்தது.