முதலாளியின் தலை இடித்த சீட்

நீங்கள் ஏறிப் போன வண்டியில் ஓட்டுநர் எதன்மேல் உட்கார்ந்திருந்தார் என்று என்றைக்காவது பார்த்ததுண்டா?

கல்குவாரி ஜீப் ஒன்றை ஓட்டும் ஒருத்தி உட்கார்ந்தது மடித்த கோணிமேல். உயரம் குறைவு, கோணி இல்லாவிட்டால் பானெட்டுக்கு அப்பால் பாதை தெரியாது. கோணிக்கு அடியில் சீட்டின் ஸ்பிரிங் துருத்திக்கொண்டு நின்றது. குவாரிக்கு அவள் ஏற்றிப்போகும் வேலையாட்கள் அவளை ‘கோணியக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

இந்த வருடம் அந்தச் சிரிப்பு குறைந்தது. முதுகுவலி இடது காலுக்கு இறங்கி, கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் உயிர் போனது. சீட்டை மாற்று, இல்லாவிட்டால் வேலையை மாற்று என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

முதலாளியிடம் கேட்டாள். மெத்தென்று இருந்தால் டிரைவருக்குத் தூக்கம் வரும் என்றார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்வாராம். அப்பன் சொன்னதை மகன் திருப்பிச் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? வலியில் நெளிகிறவர் நன்றாக ஓட்டுவார் என்று யார் சோதித்துப் பார்த்தார்கள்? அதே முதலாளி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து வரும் தனக்கு மட்டும் ஒரு புது சீட் வாங்கிவந்தார். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னாராம்.

பொருந்தவில்லை. ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அவள் தம்பிதான் அதைப் பொருத்தவேண்டியிருந்தது. பழைய ஜீப்பின் தரைத்தகடு மெல்லிசு. நேரே போல்ட் போட்டால் ஒரே பள்ளத்தில் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் இரும்புச் சட்டம் ஒன்று செய்து, பழைய துளைகளிலேயே இறுக்கி, அதன்மேல் சீட்டை வைத்தான். கடைசியில் தானே ஏறி உட்கார்ந்து பார்த்தான். தலைக்கு மேல் தாராளமாக இடம் இருந்தது.

தம்பியும் அக்கா உயரம்தான். முதலாளியோ பனைமர உயரம். அது அவனுக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் முதல் பள்ளத்திலேயே முதலாளியின் தலை கூரைக் கம்பியில் ‘ணங்’கென்று மோதியது. குவாரி போய்ச் சேர்வதற்குள் மனிதர் கூன் போட்டுவிட்டார். பின்னால் இருந்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

அன்று மாலையே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து குதித்தார்.

“ஏன்ப்பா, உட்கார்ந்து பார்க்கணும்னு தோணலையா உனக்கு?”

“பார்த்தேனே சார். எனக்கு அளவாத்தான் இருந்துச்சு.”

சீட்டே உயரம், இதற்குமேல் தாழ்த்த வழியில்லை என்றான். கடையிலும் திரும்ப எடுக்கமாட்டார்களாம். பக்கத்தில் நின்ற அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பிக்கு அளவென்றால் தனக்கும் அளவுதானே?

“அப்ப அதை என் பக்கம் மாத்திடுடா,” என்றாள். “சாருக்குப் பழைய சீட்டே இருக்கட்டும். தலையும் இடிக்காது, தூக்கமும் வராது.”

முதலாளி வீங்கிய மண்டையைத் தடவிக்கொண்டார். சிரிப்பதா முறைப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

“மாத்தித் தொலைங்க,” என்றார்.

ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் டேங்க். பொறி பட்டால் ஆபத்து என்று தம்பி சட்டத்தை வெளியே வைத்தே வெட்டி, வெல்டிங் செய்து, நன்றாக ஆறவிட்டுக் கொண்டுபோய் மாட்டினான். அக்கா ஏறி உட்கார்ந்தாள். கோணி இல்லாமலே பாதை முழுதும் தெரிந்தது. கிளட்சை மிதித்தாள். கால் சொன்னபடி கேட்டது.

இன்றும் அவள்தான் ஓட்டுகிறாள். இதுவரை தூங்கி விழவில்லை.

ஆனால் முதலாளி கொஞ்சம் குள்ளமாக இருந்திருந்தால்? ஒருவருக்குச் சேரவேண்டிய நியாயம் கூரைக் கம்பியை நம்பியா இருப்பது? அடுத்த முறை வண்டியில் ஏறும்போது ஓட்டுநரின் சீட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்பிரிங் குத்தினால், வண்டிக்குச் சொந்தக்காரரைக் கூப்பிட்டு அதில் உட்காரச் சொல்லுங்கள்.