நாலு மணிக்குக் கேளுங்க, சார்

செய்தி வந்தபோது நான் அத்திபெலேயில் என் பாதுகாப்புச் சாமான் கடையில் ஒரு லாரி ஓட்டுநருக்குக் கையுறை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தெய்வானையின் மகள் செல்விதான் போனில் பேசினாள். "சார், அம்மா காலையில போயிட்டாங்க. தூக்கத்துலயே. நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்றாள். நாலு மணி என்று காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அந்த ஓட்டுநர் பாவம், கையுறையோடு போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

எதற்குச் சிரிப்பு என்பது பெங்களூர் ஓசூர் ரோட்டுக் கட்டடத்தில் எங்களோடு இருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றுக்காக ஏழு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் போனால் பனியில் கீழ்த்தளம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். மேலே வெறும் பேச்சுக் குரல் கேட்கும், யாரோ வானத்தில் குடித்தனம் நடத்துவது போல. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். தெய்வானை மர்பி டவுனிலிருந்து வரும் சித்தாள். மற்றப் பெண்கள் அவர் சொன்னால்தான் கேட்பார்கள். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, வாயும் ஒரே நீளம்.

எல்லோருக்கும் ஹெல்மெட் வாங்க வேண்டும் என்று ஆபீசில் உத்தரவு வந்தது. கொத்தனார், கம்பி கட்டுபவர், தச்சர் என்று நான் பட்டியல் எழுதினேன். சித்தாள்களை எழுதவில்லை. தெய்வானை ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றார்.

"எங்க பேரு எங்க சார்?"

"நீங்க தலையிலதானேம்மா சட்டி தூக்குறீங்க? தொப்பிய எங்க வெப்பீங்க?" என்று நான் சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "போன கட்டடத்துல என் அக்கா மவளுக்குத் தலையில ஆறு தையல் சார். சட்டி தூக்குற தலை உடையாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். பட்டியலை மறுபடி எடுத்து அவர்களையும் சேர்த்து எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எஸ்.பி. ரோட்டுக் கடைகளிலிருந்து மூன்று மாதிரித் தொப்பிகள் வந்தன. நாள் முழுக்கப் போட வேண்டியது, லேசாக இருந்தால் போதும் என்று ஆணி நிறுக்கும் தராசில் மூன்றையும் வைத்தேன். மிக லேசானதை எடுத்து, இதுதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தெய்வானை என் தராசைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்கு வராது. "காலையில எல்லாத் தொப்பியும் லேசுதான் சார். நாலு மணிக்குக் கேளுங்க" என்றார்.

ஒரு நாளைக்கு ஒரு தொப்பி என்று போட்டுக்கொண்டு கீழே மணல் சலிக்கும் வேலை செய்தார். என் தராசு பாஸ் பண்ணிய தொப்பி நாலு மணிக்குள் அவர் நெற்றியில் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டது. குனியும்போதெல்லாம் முன்னால் சரிந்து, கழுத்தே அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இரண்டாவதில் வியர்வை போக வழியில்லை. மூன்றாவது தராசில் கொஞ்சம் கூடுதல். ஆனால் உள்ளே தலையைத் தாங்கும் நாடாக்கள் அகலம், பின்பக்கம் திருகி அளவு வைக்கலாம். அன்று நாலு மணிக்குப் போய், "எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"எது சார்?" என்றார்.

தலையில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. அதோடு விடவில்லை, அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கும் போய்விட்டார். கண்டக்டர், "ஏனம்மா, பஸ்ஸல்லி கூட கல்லு பீளுத்தா?" என்று கன்னடத்தில் கேட்டாராம், பஸ்ஸுக்குள்ளேயும் கல் விழுமா என்று. "'உன் டிரைவர நம்ப முடியாதுப்பா'ன்னு சொன்னேன் சார்" என்று மறுநாள் வந்து சொன்னார். அந்தத் தொப்பியையே எல்லோருக்கும் வாங்கினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தைல மரத்தடியில் படுத்து அந்த மஞ்சள் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொள்வார். "உள்ள மஞ்சத்தண்ணில மெதக்கிற மாதிரி இருக்குது சார். ஊரே எங்கயோ தூரத்துல கேக்குது" என்பார். ஒருநாள் யாரும் பார்க்காதபோது நானும் கவிழ்த்துப் பார்த்தேன். வெயில் மஞ்சளாக இறங்கியது, கலவை மெஷின் சத்தம் யாரோ தாலாட்டுவது போலக் கேட்டது. அரை மணி நேரம் தூங்கிவிட்டேன்.

ஆனால் அந்தத் தொப்பிகள் பெண்களிடமிருந்து பறிபோகப் பார்த்தன. உள்நாடாவோடு இருந்தால் தொப்பியின்மேல் சட்டி ஆடும். அதனால் எல்லோரும் நாடாவைக் கழற்றி வீசிவிட்டு, உள்ளே சும்மாட்டுத் துணியைத் திணித்துக்கொண்டார்கள். முதலில் கழற்றியவர் தெய்வானைதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தலைக்கும் தொப்பி ஓட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி வேணும்மா! மேல விழுற அடி அங்கதான் அடங்கும். துணிய அடைச்சா அடி நேரா மண்டைக்குத்தான்" என்று கத்தினேன். இஞ்சினியர் வேறு, "தலைச்சுமை தூக்குறவங்களுக்கு ஹெல்மெட் வேஸ்ட். திருப்பி வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

தெய்வானை தொப்பிக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "அப்போ காப்பாத்துறது தொப்பி இல்ல, நடுவுல இருக்கிற காத்தா?" என்று கேட்டார். இஞ்சினியரிடம் போய், "ஒரே ஒரு நாள் குடுங்க சார். சட்டி தலைக்கு ஏறாமலே தளம் போட்டுக் காட்டுறோம்" என்றார்.

மறுநாள் பனி விலகும் முன்பே பெண்கள் கீழிருந்து நாலாவது மாடி வரை சரிவுப் பலகையில் வரிசையாக நின்றார்கள். சட்டி கைமாறிக் கைமாறி மேலே போனது. உடம்புகள் பனியில் மறைந்து, மஞ்சள் தொப்பிகள் மட்டும் அந்தரத்தில் அசைந்துகொண்டிருந்தன. பார்த்துக்கொண்டு நின்ற நான் டீயை ஆறவிட்டேன். மழை வரும் முன் தளம் முடிந்தது. இஞ்சினியர் மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் போனார், தொப்பிகளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. "கை ரெண்டும் கழண்டு போச்சு சார். தலை இருக்குது பாருங்க" என்றார் தெய்வானை. அன்றிலிருந்து தினம் காலையில் ஒவ்வொரு பெண்ணின் தொப்பிக்குள்ளும் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார், தாடை வாரில் ஒரு விரலை விட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் சட்டியைத் தொடவே விடுவார்.

மர்பி டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிப்பாட்டி வைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. என்னை அறியாமல் அந்தக் கட்டுக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்தேன். செல்வி கிட்டே வந்தாள்.

"இறுக்கமா இருக்குதா சார்?"

"இல்லம்மா. சரியா இருக்குது."

நாலு மணிக்குத் தூக்கினோம். நானும் தோள் கொடுத்தேன்.

தெய்வானையிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நாலு மணிதான். என் கடையில் தொப்பிக்குத் தராசு கிடையாது. எது லேசு என்று கேட்பவர்களிடம், "காலையில போட்டுட்டுப் போங்க, நாலு மணிக்கு வந்து சொல்லுங்க" என்கிறேன். நேற்று அப்படிப் போன ஒரு கம்பி கட்டுபவர் சாயங்காலம் நாலு மணிக்குப் பீடி வாங்க எதிர்க் கடைக்கு வந்தார். என் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. நானே கூப்பிட்டு, "எப்படிப்பா இருக்குது?" என்றேன்.

"எதுண்ணா?" என்றார், தலையில் தொப்பியோடு.

நாலு மணிக்குத்தான் கேட்டேன், தெய்வானை.