மே மாதக் கணக்கெடுப்பு

புனேவுக்கு மேற்கே, கொங்கணத்தைப் பார்த்து இறங்கும் மலைகளின் உச்சியில் ஒரு சதுப்பு இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டும். ஒன்பது மழைக்காலம் அதற்குள் நடந்து திரிந்தவள் நான். அங்கே ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவளும் நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நகரத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். அப்பாவுக்கு ராணுவ அலுவலகத்தில் குமாஸ்தா வேலை என்பதால் புனேவிலேயே, விஷ்ராந்த்வாடியில் வளர்ந்தவள். கணவருக்கு ஆகுர்டியில் வாகனத் தொழிற்சாலையில் வேலை. வீட்டுக்குள் திருநெல்வேலித் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தியும் மராத்தியும் என்று எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஜூலை மாதம் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு எஸ்.டி. என்கிற அரசு பஸ்ஸில் போனேன். பஸ் நிற்கும் கடைசி ஊரிலிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். ஏறி முடித்தால் மலை திடீரென்று தட்டையாகிவிடும். அந்த ஊர்க்காரர்கள் அதைப் பட்டார் என்பார்கள். துளை துளையாகப் புரையோடிய கருஞ்சிவப்புப் பாறை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. கோடையில் அது காய்ந்த தோசைக்கல். மழை இறங்கிவிட்டால் தண்ணீர் கீழே போக வழியில்லாமல் பள்ளங்களில் தேங்கி நிற்கும். நான்கு விரற்கடை கூட இல்லாத கறுப்பு மண் அத்தனை தண்ணீரையும் குடித்து ஊறிக் கிடக்கும்.

பச்சையாகத் தெரிந்த ஓரிடத்தில் நான் காலை வைத்தேன். அங்கே மட்டும் பாறை ஆழமாகக் குழிந்திருந்தது போல. முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. மாணவிகள் கத்தினார்கள். எருமைகள் மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வந்து தன் கம்பை நீட்டினாள். என் வயதுதான் இருக்கும். புடவையைத் தூக்கிச் செருகி, முதுகில் மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய மழைக்கூடு மாட்டியிருந்தாள். கால் வந்தது, செருப்பு வரவில்லை. இந்த இடம் வருஷத்துக்கு ஒரு எருமைக்கன்றையாவது விழுங்கும், இந்த வருஷம் உன் செருப்போடு விட்டதே என்று சொல்லிச் சிரித்தாள். பெயர் கேட்காமலே என்னைத் 'தாயி' என்று கூப்பிட்டாள். மராத்தியில் அது அக்கா.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வர ஆரம்பித்தேன். கணவர் முணுமுணுப்பார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். அங்கே என்ன இருந்தது என்று யாராவது கேட்டால் ஆகஸ்டிலிருந்துதான் ஆரம்பிப்பேன். ஆகஸ்ட் கடைசியில் சதுப்பு முழுக்க ஊதா நிறமாகிவிடும். விரல் நுனி அளவுப் பூ. சீதையின் கண்ணீர் என்று அங்கே பெயர். அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, தண்ணீருக்கடியில் அந்தச் செடி குட்டிக் குட்டிப் பைகளை விரித்துப் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. பக்கத்திலேயே இலை முழுக்கப் பசைத்துளியோடு சிவப்பாக இன்னொரு பூச்சி தின்னும் செடி. மண்ணில் சத்தில்லாததால் செடிகளே வேட்டைக்கு இறங்கிவிட்ட இடம் அது. தளர்ந்த கல்லைப் புரட்டினால் கால் இல்லாத, மண்புழு போன்ற, தவளைக்கு உறவான ஓர் உயிர் நெளியும். இன்னொரு கல்லைப் புரட்டினால் சுருட்டை விரியன். அதனால் அந்தப் பெண்தான் கம்பால் முதலில் புரட்டுவாள், நான் பிறகு குனிவேன். ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றும். அதன் முட்டைகள் வெறும் பாறைமேல், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாகக் கிடக்கும்.

சதுப்பின் மேற்கு ஓரத்தில் கொங்கணத்துக்குப் பொதிமாடுகள் இறங்கிய பழைய படிக்கட்டு இருந்தது. படிக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்த தண்ணீர்த் தொட்டி. மாடுகளின் தாகத்துக்காக யாரோ எந்தக் காலத்திலோ வெட்டியது. அதை ஒட்டி மூன்று வீரக்கற்கள், பாதி சேற்றில் புதைந்தபடி. ஒரு கல்லில் மாட்டுமந்தையைக் காத்து ஒருவன் சாகிறான். மேலடுக்கில் இரண்டு பெண்கள் அவனைத் தூக்கிப் போகிறார்கள். முதல் மழை பெய்த மறுநாள் ஊர்க்காரர்கள் ஏறி வந்து அந்தக் கற்களுக்குச் செந்தூரம் தடவுவார்கள். சதுப்பில் ஊறும் தண்ணீர் பாறை இடுக்கில் இறங்கி, மலைக்குக் கீழே அவர்கள் ஊரில் ஊற்றாக வரும். மே மாதம் வரை குடிக்க அந்தத் தண்ணீர்தான். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அந்தப் பெண்ணோடு நடந்துதான் தெரிந்துகொண்டேன்.

முனைவர் பட்டத்துக்கு அந்தச் சதுப்பையே எடுத்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் செடிப் பட்டியலைப் புரட்டிவிட்டு, இதில் மருந்துக்கு ஆவது எத்தனை என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். அவர் ஆர்வம் அதோடு போயிற்று. பதிவும் சில வருஷங்களில் காலாவதியானது. ஒன்பது நோட்டுகள் மட்டும் அலமாரியில் தங்கின.

இரண்டாயிரத்துக்குப் பிறகு நகரம் மேற்குப் பக்கமாக நகரத் தொடங்கியது. ஹிஞ்சேவாடி கணினி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வாரக் கடைசியைக் கழிக்க மலைமேல் வீடும் விடுதியும் தேவைப்பட்டன. ஒரு நிறுவனம் அந்தப் பட்டாரைச் சுற்றி நிலம் வாங்கியது. சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் வேலை, எங்களுக்குக் கோயிலில் பழக்கமான ஒருவரிடம் வந்தது. சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆலோசனை அலுவலகம் நடத்திவந்தார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

செடிகளைப் பற்றிய பகுதியை நான் எழுத வேண்டும் என்று அண்ணாச்சி கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேறு யாராவது எழுதினால் அந்தச் சதுப்பு அவர்கள் கண்ணில் படாமலே போகும், நான் எழுதினால் காப்பாற்றிவிடலாம் என்று நினைத்தேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

ஆகஸ்டில் போகலாம் என்றேன். ஜூனில் அறிக்கை கொடுத்தாக வேண்டும், மே மாதமே போய்வந்துவிடுங்கள் என்றார். போனேன். வெறும் பாறை, காய்ந்த புல். ஆகவே இரண்டு பகுதிகளாக எழுதினேன். முதல் பகுதியில், மே மாதத்தில் இங்கே தாவரங்கள் அரிது என்று ஆரம்பித்து நான் கண்டது. இரண்டாவது பகுதி நீளமானது. ஒன்பது மழைக்காலத்து நோட்டுகளிலிருந்து எடுத்த பட்டியல், சதுப்பின் வரைபடம், ஊற்று, தொட்டி, வீரக்கற்கள் எல்லாம்.

எழுதிக் கொடுத்த சில நாளில், மகளுக்கு மறுநாள் நுழைவுத் தேர்வு என்றிருந்த மதியம், அவர் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. என் பெயரும் படிப்பும் மட்டும் அடித்த தாள். அண்ணாச்சி போனில் சொன்னார்: "அதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுத்திருங்க தங்கச்சி. மத்தத நாங்க கோத்துக்கிடுதோம்."

போட்டுக் கொடுத்தேன்.

மழை ஓய்ந்த பிறகு தாலுகா ஊரில் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தது. அண்ணாச்சி தன் காரிலேயே என்னைக் கூட்டிப் போனார். மண்டபத்தில் மலையடி ஊர்களிலிருந்து ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். எருமைக்காரப் பெண் முன்வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திக் காட்டினாள். அக்கா வந்துவிட்டாள், இனி பயமில்லை என்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

அவள்தான் முதலில் எழுந்து பேசினாள். மேலே தண்ணீர் நிற்பதால்தான் கீழே ஊற்று வருகிறது, அங்கே மண்ணை வெட்டினால் நாங்கள் எதைக் குடிப்பது என்று கேட்டாள். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு அறிக்கையைப் புரட்டி மராத்தியில் படித்தார். இங்கே தாவரங்கள் அரிது, வெறும் பாறையும் காய்ந்த புல்லும்தான். புனேயின் தாவரவியல் பேராசிரியையே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார் என்று என் பெயரையும் படித்தார்.

மேசைமேல் கிடந்த பிரதியை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது பகுதி இல்லவே இல்லை. முதல் பகுதியின் முதல் வரியில் 'மே மாதத்தில்' என்ற சொற்களைக் காணோம். மற்றதெல்லாம் நான் எழுதியது போலவேதான் இருந்தது. கடைசியில் என் கையெழுத்து.

நான் எழுந்தேன். இந்த அறிக்கை முழுமையானதல்ல என்று மராத்தியில் ஆரம்பித்தேன். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. வீட்டுக் கூடத்தில் பேசுவது போலத் தமிழில் சொன்னார்.

"உக்காருங்க தங்கச்சி. எதுன்னாலும் நாம வெளிய பேசிக்கிடுவோம்."

மண்டபத்தில் அந்தப் பேச்சு புரிந்தது எங்கள் இருவருக்கு மட்டும்தான். அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். முன்வரிசையிலிருந்து அவளும் திரும்பிப் பார்த்தாள். சபையில் பெரியவர்கள் உட்காரச் சொன்னால் உட்காரும் வழக்கம் உடம்பில் எங்கேயோ ஊறியிருந்தது போலும். நான் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பொய்யா ஒரு வரி காட்டுங்க பாப்போம். நீங்க போனப்ப அங்க ஒண்ணும் இல்லைங்கிறது நெசந்தான?"

"மழைக்காலத்துல இருக்கே அண்ணாச்சி. ஒம்பது வருசம் எழுதி வச்சிருக்கேனே."

"மழை பெஞ்சா எல்லா ஊருலயுந்தான் புல்லு மொளைக்கும்" என்று சொல்லிவிட்டு டிரைவரைக் கூப்பிடப் போனார்.

அப்போது அவள் என்னிடம் வந்தாள். அவர் உங்கள் மனிதரா என்று மராத்தியில் கேட்டாள். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் என்றேன். வேறு என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. அவள் தலையை ஆட்டினாள். அப்படியென்றால் சரி மேடம் என்று சொல்லிவிட்டு, ஊர்க்காரர்கள் ஏறிக்கொண்டிருந்த டெம்போவை நோக்கி நடந்தாள். நான் அண்ணாச்சியின் காரில் ஏறுவதை அந்த டெம்போவிலிருந்தபடி எல்லோரும் பார்த்தார்கள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போடுததுக்கு முன்னால வாசிக்கலையா நீ?" தொழிற்சாலையில் ஒரு திருகாணிக்குக் கூட வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்.

நோட்டுகளையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, நடந்ததை விவரித்துச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஓர் அட்டை வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி அதே அட்டை. பத்திரிகைக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவர் அக்கறையாகக் கேட்டுவிட்டு, அறிக்கையில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே என்றார். நிறுவனத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

இரண்டு வருஷம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனபோது மலைமேல் வரை தார்ச்சாலை. சதுப்பின் ஓரமாக ஆள் உயரத்துக்குக் கால்வாய் வெட்டி, வீடுகளுக்கு ஈரம் ஏறாமல் இருக்கத் தண்ணீரை மலையின் மறுபக்கம் திருப்பியிருந்தார்கள். ஆகஸ்ட் மாதம் அது. ஊதா நிறம் இருக்க வேண்டிய இடத்தில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண்ணும், அதன்மேல் விரித்த புல்தரையும். படிக்கட்டைக் கம்பிவேலி போட்டு அடைத்திருந்தார்கள். வீரக்கற்கள் மூன்றையும் பெயர்த்துக் கழுவி, வரவேற்பறை வாசலில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நட்டிருந்தார்கள். செந்தூரத்தைச் சுரண்டி எடுத்த தடம் தெரிந்தது. காவலாளி என்னிடம் முன்பதிவுச் சீட்டு கேட்டான்.

இறங்கும்போது அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டியிருந்த எருமைகளைக் காணோம். உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஊற்று தை மாதமே நின்றுவிடுகிறது, அதற்குப் பிறகு டாங்கர் லாரி வரும், டாங்கர் தண்ணீரில் எருமை வளர்க்க முடியுமா, விற்றுவிட்டோம் என்று யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன். என் மராத்தி அந்த இடத்தில் திக்கியது. டம்ளரை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ் போய்விடும், கிளம்புங்கள் என்றாள்.

அந்த அறிக்கை ஒரு சிக்கலும் இல்லாமல் தேறியதால் வேறு இரண்டு அலுவலகங்கள் என்னைத் தேடி வந்தன. மேடம் சுருக்கமாக எழுதுவீர்களாமே என்று ஒருவர் பாராட்டினார். இரண்டையும் மறுத்தேன். அதில் பெருமை ஒன்றுமில்லை. அண்ணாச்சியைக் கோயிலில் பார்ப்பேன். தங்கச்சி சௌக்கியமா என்பார். சௌக்கியம் அண்ணாச்சி என்பேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, வேறொரு ஊரில் ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி கடிதம் எழுதியிருந்தாள். மலையுச்சிப் பாறைவெளிகளின் செடிகளைத் தொகுக்கிறாளாம். நான் பழைய நோட்டுகளின் பிரதியை அனுப்பினேன். மரியாதையாகப் பதில் வந்தது. நோட்டில் இருக்கும் செடிகள் வியப்பாக இருக்கின்றன, ஆனால் அதே இடத்தைப் பற்றி நீங்களே எழுதிய அச்சான அறிக்கையில் ஒன்றும் இல்லை என்றிருக்கிறதே மேடம், எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாள்.

நோட்டை எடுத்துக்கொள் என்று எழுதினேன். காரணத்தையும் ஒளிக்காமல் இரண்டு பக்கம் எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் போட்டாள். அவளுடைய தொகுப்பு வெளிவந்ததும் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பட்டாருக்கு நேரே அட்டவணையில், ஒன்றும் இல்லை என்பதற்கான ஒரு சின்னக் கோடுதான் இருந்தது. அடிக்குறிப்பில் ஆதாரமாக அந்த அறிக்கை, பக்க எண்ணோடு. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் நோட்டில் யாருடைய கையெழுத்தும் கிடையாது.