பெருநாள் பணத்தை டிசம்பரில் போட்ட பெர்லித்தா

குளிர்பதனக் கிடங்குகளைப் பழுதுபார்க்கும் ஒரு கம்பெனியின் செபு நகர அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகச் சம்பளம் போடுகிறவள் பெர்லித்தா மனலஸ்டாஸ். தலைமை அலுவலகம் சிங்கப்பூரில். ஆட்கள் செபுவிலும் இந்தோனேசியாவின் சுரபாயாவிலும். யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அந்த ஜனவரியில் சிங்கப்பூர் மேலாளர் தியோ ஒரு கடிதம் அனுப்பினார். இனி எல்லா நாட்டுச் சம்பளமும் சிங்கப்பூரிலிருந்தே, மாதம் ஒருமுறை. வேறு யோசனை இருந்தால் இரண்டு வாரத்தில் சொல்லலாம்.

பெர்லித்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செபுவில் பதினைந்தாம் தேதி ஒரு சம்பளம், முப்பதாம் தேதி ஒரு சம்பளம். சட்டம் சொல்வதும் அதுதான், வயிறு சொல்வதும் அதுதான். ஒவ்வொரு சம்பளத்துக்கும் முந்தைய, கையில் காசு தீர்ந்துபோகிற நாலைந்து நாளை ‘அபாயத் தேதி’ என்பார்கள். அப்போதெல்லாம் அலுவலகத்தில் எல்லாருக்கும் டப்பா மத்தியும் சோறும்தான்.

"மாசத்துக்கு ஒரு தடவையாமே! அப்போ பாதி மாசம் அபாயத் தேதிதான்," என்றான் வெல்டர் டான்டோய். "நான் காத்தைக் குடிச்சு உயிர் வாழணுமாக்கா?"

"உன் தொப்பைக்கு அது நல்லதுதான்டா. பேசாம போ, நான் பாத்துக்கறேன்."

பத்து நாள் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினாள். எல்லா நாட்டுச் சம்பளத்தையும் செபுவிலேயே போடுவது, மேற்பார்வை பெர்லித்தா. எங்கள் ஊர் நிலவரம் சிங்கப்பூர்க்காரருக்கு என்ன தெரியும் என்று முதல் பக்கத்திலேயே ஒரு குத்து. பலித்தால் மேலாளர் பதவி. இல்லாவிட்டால் இருக்கிற நாற்காலியும் போகும். நியாயமும் சுயநலமும் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டால் மனுஷருக்கு வேகம் தானாக வந்துவிடுகிறது.

அனுப்புமுன் சுரபாயாவில் சம்பளம் பார்க்கும் விரத்மோவிடம் ஒரு பிரதியைக் காட்டினாள். ஐந்தே நிமிஷத்தில் போன் வந்தது. முதலில் கேட்டது சிரிப்புத்தான்.

"அக்கா, எங்க ஆளுங்க பெருநாள் பணத்தை டிசம்பர்ல போட்டிருக்கீங்க!"

"ஆமா, பண்டிகைக்குன்னு கூடுதலாக் குடுக்கற பதிமூணாம் மாசச் சம்பளம் டிசம்பர்லதானே?"

"அது உங்க கிறிஸ்துமஸுக்கு. எங்களுக்கு நோன்புப் பெருநாளுக்கு ஏழு நாள் முன்னாடி கைக்கு வந்தாகணும். இந்த வருஷம் மார்ச்சு, அடுத்த வருஷம் இன்னும் பத்து நாள் முன்னாடி. அந்தக் காசை வெச்சுத்தான் ஊருக்கே போவோம். டிசம்பர்ல குடுத்தா என்ன, கிறிஸ்துமஸ் மரத்தடியில உக்காந்து பெருநாள் கொண்டாடவா?"

செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டுப் போடுகிற ஊர்க்காரி அவள். உலகத்துக்கே பண்டிகை டிசம்பரில்தான் என்று யோசிக்காமலே நம்பியிருந்தாள். எதற்காகத் தியோவின் மேல் கோபப்பட்டாளோ அதையே சுரபாயாவுக்குத் தானும் செய்திருக்கிறாள். பெரிய வெட்கமாகப் போயிற்று.

திட்டத்தை மாற்றி எழுதினாள். கணக்குப் போடும் வேலை சிங்கப்பூரிலேயே இருக்கட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கணக்கு. தேதியும் சட்டமும் அந்தந்த ஊர் ஆள் கையில். அவர் கையெழுத்து இல்லாமல் பணம் போகாது. மேற்பார்வை என்ற இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டாள். பழைய திட்டத்தையும் மறைக்காமல் சேர்த்தே அனுப்பினாள்.

தியோ வீடியோவில் கூப்பிட்டார். "முதல் திட்டத்துல நீங்க மேலாளர். இதுல உங்க பாதி வேலை எங்க பக்கம் வந்துருது. உங்களை நீங்களே ஏம்மா குறைச்சுக்கறீங்க?"

"ஒரு தேதி எனக்குத் தெரியலைன்னு விரத்மோ சொல்லித்தான் தெரிஞ்சுது சார். இன்னும் எத்தனை தெரியாதுன்னு எனக்கே தெரியாது. உங்களுக்கும் அப்படித்தான் சார்."

தியோ பழைய திட்டத்தின் முதல் பக்கத்தை மறுபடி புரட்டினார். வேலை போயிற்று என்றே பெர்லித்தா நினைத்தாள்.

"சரி, அப்படியே நடத்துவோம். செபு கையெழுத்து உங்களோடது," என்றார்.

மார்ச்சில் ஒரு காலை விரத்மோவிடமிருந்து செய்தி வந்தது. பெர்லித்தா அதை அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்: "அக்கா, பெருநாள் பணம் எல்லாருக்கும் வந்துருச்சு. நாளைக்குக் கிளம்புறேன். எங்கம்மாவைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு."

முதலில் கைதட்டியவன் டான்டோய். சுரபாயா எந்தப் பக்கம் இருக்கிறதென்றே அவனுக்குத் தெரியாது.