இன்றைக்கு ஒன்ஸ்மோர் கேட்காதே

எங்கள் ஊரில் நாடகத்துக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழும்பி, அது அடங்கப்போகும் நேரத்தில் அந்தக் குரல் போய் விழ வேண்டும். முந்தினால் கைதட்டலில் அமுங்கிவிடும். பிந்தினால் அடுத்த வசனம் தொடங்கிவிடும். அந்த நேரம் எனக்குக் கைவந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன், பொய் எதற்கு?

கேட்டுவிட்டால் பாடியே ஆக வேண்டும். செத்துக் கிடந்தாலும் சரி. போர்க்களத்தில் உயிரை விட்ட ராஜா எழுந்து உட்காருவார், சரிந்த கிரீடத்தைச் சரிசெய்வார், பாட்டை முழுசாகப் பாடுவார், பிறகு அதே இடத்தில் படுத்து மறுபடியும் சாவார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பாட்டு நன்றாக இருந்தது, இன்னொரு தடவை வேண்டும். சாவு எங்கே ஓடிவிடப் போகிறது?

நான் காஞ்சிபுரத்தில் ஜாக்கெட் தைக்கிறவள். முகூர்த்த நாள் என்றால் கடையில் நிற்க இடம் இருக்காது. ஆனாலும் நாடகம் என்று காதில் விழுந்தால் அன்று சாயங்காலம் கடைக்கு ஷட்டர் விழுந்துவிடும். கல்யாணப் பெண்ணே வந்து நின்றாலும் "நாளைக்கு வாம்மா"தான். என் வீட்டுக்காரர் இதெல்லாம் பார்த்துப் பழகிவிட்டார். டிவியிலிருந்து தலையைத் திருப்பாமல், "போ, போய்க் கத்திட்டு வா" என்பார்.

போன வருஷம் ஏரிக்காவல் நாடகத்தை மறுபடியும் போடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. அதை நிறுத்தி வைத்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். நிறுத்தியதற்குக் காரணம் தண்ணீர். வெள்ளம் வரும் கடைசிக் காட்சிக்கு அப்போதெல்லாம் டிரம் டிரம்மாக நிஜத் தண்ணீரையே மேடையில் கொட்டுவார்கள். ஒரு தடவை அது மைக்செட்டுக்குள் போய், கூட்டம் மொத்தமும் இருட்டில் உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் யாரும் மண்டபம் தரவில்லை. இப்போது தண்ணீருக்குப் பதில் நீலப் பட்டுத் துணியை விரித்து ஆட்டிவிடலாம் என்று யாருக்கோ யோசனை வந்திருக்கிறது. பட்டுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா என்ன? இந்த யோசனைக்கு இருபது வருஷமா என்று எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் சந்தோஷத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கதை சின்னது. ஏரி மதகைக் காவல் காக்கிற ஒருத்தி, வெள்ள ராத்திரியில் தனியாகப் போய் மதகைத் திறந்து ஊரைக் காப்பாற்றுகிறாள். அடிபட்டுக் கரையிலேயே உயிரை விடுகிறாள். விடும்போது ஒரு பாட்டு. அந்தப் பாட்டுக்காகத்தான் நாடகமே. நடுவில் ஓரிடத்தில் குரல் படிப்படியாக மேலே ஏறி, உச்சியில் போய் நின்று, நிற்கிறது நிற்கிறது என்று நின்றுகொண்டே இருக்கும். பழைய நாடகத்தில் அதைப் பாடியவள் என் சிநேகிதி. இப்போதும் அவளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

அவள் ஐயம்பேட்டைக்காரி. பகலில் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற வேலை. என்னைவிடச் சின்னவள். நாடகத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் தைராய்டு என்று கழுத்தில் ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, குரல்தான் மாறிப்போய்விட்டது. அதிலிருந்து அவள் மேடை ஏறியிருக்கவே இல்லை.

நாடகத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், வேஷத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கக் கடைக்கு வந்தாள்.

"அக்கா, கழுத்த நல்லா மேல ஏத்தித் தைங்க. தழும்பு தெரியக் கூடாது."

"மதகு காக்கிறவ எந்த ஊர்லடி காலர் வெச்ச ஜாக்கெட்டு போட்டா?"

"நீங்க தைங்கக்கா." கொஞ்ச நேரம் டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். "இன்னொண்ணு. அன்னிக்கு நீங்க ஒன்ஸ்மோர் கேக்காதீங்க."

என் வாயில் குண்டூசி இருந்தது. எடுத்துவிட்டுக் கேட்டேன். "இன்னாது?"

"அந்த மேல போற எடம் ஒரு தபாதான் வருதுக்கா. வூட்ல டெய்லி பாடிப் பாத்துக்கினுதான் இருக்கேன். ரெண்டாந்தபா போனா உடையுது. மேடையில உடைஞ்சிதுன்னா அன்னியோட முடிஞ்சிது. அப்புறம் நான் மூஞ்சில அரிதாரமே பூச மாட்டேன். சத்தியமா சொல்றேன்."

"நான் கேக்கலன்னா வேற எவனாச்சும் கேப்பான்."

"நீங்க கேக்காம எவன் கேப்பான்? எல்லாரும் உங்க மூஞ்சியத்தான பாப்பாங்க? நீங்கதான் அடக்கி வெக்கணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. "போடி, நான் இருக்கேன். ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்" என்றேன்.

நாடகத்தன்று கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. மத்தியானம் அங்கே நடந்த விருந்தின் சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோக்களில் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏனாத்தூர் காலேஜ் பிள்ளைகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்கள். எனக்கு எப்போதும் மூன்றாவது வரிசை, நடைபாதை ஓரம். எனக்குப் பின் சீட்டில் தாமலிலிருந்து வரும் ஒரு விவசாயி. எந்த நாடகமானாலும் அங்கேதான் உட்காருவார். நான் ஒன்ஸ்மோர் என்றால் அவர் விசில் அடிப்பார். பேர் ஊர் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு வார்த்தை கிடையாது.

திரை விலகியது. காலை வேளை, ஏரிக்கரை. மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தோடு பெட்டிக்காரர் சுருதி கொடுக்க, அவள் குடத்தோடு வந்து முதல் பாட்டை எடுத்தாள்.

எனக்குப் பழைய குரல் நினைவிருக்கிறது. கழுவி வைத்த வெண்கலப் பாத்திரம் மாதிரி இருக்கும். இது அது இல்லை. அடியில் ஒரு கரகரப்பு ஓடியது. ஆனால் அந்தக் கரகரப்பே வார்த்தையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டது. ஐயோ, என்னமாகப் பாடினாள்! கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. பிறகு அடங்கப்பார்த்தது. என் வாய் தானாகத் திறந்தது. முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

மூன்று வரிசை ஆட்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மேடையைப் பார்த்தேன்.

பின்னாலிருந்து தாமல்காரர் குனிந்தார். "இன்னாம்மா, தொண்ட கட்டிக்கிச்சா?"

"கம்முனு நாடகத்தப் பாருங்க."

இரண்டாவது பாட்டுக்குப் பின்வரிசையில் ஒருவர் அரைகுறையாக "ஒன்ஸ்..." என்று இழுத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். "உக்காருப்பா! கதை போவட்டும்! எல்லாத்துக்கும் ஒன்ஸ்மோரா?" என்றேன். இத்தனை வருஷம் எல்லாவற்றுக்கும் ஒன்ஸ்மோர் கேட்டவள் நான்தான் என்பது அந்த மண்டபத்துக்கே தெரியும். அவர் திறந்த வாயை மூடவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்தேன். அவள் பார்வை அடிக்கடி என் பக்கம் வந்து போயிற்று. நன்றி சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் மூன்றாவது பாட்டில் ஏதோ ஒன்று குறைந்தது. சுருதி சரி, தாளம் சரி. வீட்டு வேலையை முடிப்பதுபோலப் பாடிவிட்டுப் போனாள்.

இடைவேளையில் உள்ளே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில்தான் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் தைத்த காலர் ஜாக்கெட் வேர்வையில் நனைந்திருந்தது.

"ஒருத்தனையும் வுடலடி. பாத்தியா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நல்லா இல்லியாக்கா?"

"இன்னாது நல்லா இல்ல?"

"பாட்டு."

"அடிப்பாவி! நீதானடி கேக்காதேன்னு சொன்ன?"

"சொன்னேன்தான்." டீயைக் கீழே வைத்தாள். "சொன்னேன். ஆனா அங்க நின்னுக்கினு பாத்தா, எல்லாரும் கம்முனு உக்காந்திருக்கீங்க. எழவு வூட்ல உக்காந்திருக்கற மாதிரி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டாலும் குற்றம், கேட்காவிட்டாலும் குற்றமா? "இப்ப நான் இன்னாதான் பண்ணணும்? அதச் சொல்லு" என்றேன். அவள் சொல்வதற்குள் பெட்டிக்காரர் மணி அடித்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கடைசிக் காட்சி வந்தது. நீலப் பட்டு மேடை முழுக்க அலையடித்தது. நிஜத் தண்ணீரைவிட இதுதான் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் மதகைத் திறந்தாள், அடிபட்டாள், கரையில் சாய்ந்தாள். பாட்டை எடுத்தாள். நான் சீட்டின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த இடம் வந்தது. குரல் ஒவ்வொரு படியாக ஏறியது. உச்சிக்குப் போய் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. உடையவில்லை. இறங்கி வந்து, கடைசி வரியை முணுமுணுத்து, தலை சாய்த்துச் செத்துப்போனாள்.

கைதட்டல் என்றால் அது கைதட்டல். தாமல்காரர் அழுதுகொண்டிருந்தார், மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. அவள் ஜெயித்துவிட்டாள். இத்தோடு திரை போட்டால் ஒரு குறையும் இல்லை. கைதட்டல் மெல்ல இறங்கியது. எனக்குத் தெரிந்த அந்த நேரம் வந்தது.

அப்போது பார்த்தேன். செத்துக் கிடந்தவளின் ஒரு கண் திறந்திருந்தது. அது நேராக என்னைப் பார்த்தது.

உடைந்தால் அன்றோடு முடிந்தது என்று என் கடையில் நின்று சத்தியம் செய்தவள் அவள். அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் நான் இத்தனை வருஷம் நாடகம் பார்த்தவள். மேடையிலிருந்து ஒருத்தி எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

எழுந்து நின்று, அன்று முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "ஒன்ஸ்மோர்!"

மண்டபம் வெடித்தது. தாமல்காரர் விசில் அடித்தார். காலேஜ் பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே கூச்சல் போட்டார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்தது. புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டது. பெட்டிக்காரர் குனிந்து, சுருதியைக் குறைக்கட்டுமா என்று கையால் சைகை காட்டினார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். திமிர் பிடித்தவள்.

பாடினாள். முதல் தடவையைவிட நிதானமாகப் பாடினாள். அந்த இடம் வந்தது. ஏறினாள், ஏறினாள், உச்சிக்கு ஒரு படி கீழே குரல் உடைந்தது.

நன்றாகவே உடைந்தது. மறைக்க முடியாத உடைசல். ஆர்மோனியம் நின்றது. மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பாவி, நானே அவளை முடித்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அவள் பெட்டிக்காரரைப் பார்த்து, வாசியுங்கள் என்று விரலை ஆட்டினாள். அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள். அதே இடத்தில் மறுபடியும் உடைந்தது. இந்தத் தடவை அவள் நிற்கவில்லை. உடைந்த குரலோடேயே மேலே போனாள். அது பாட்டாகவும் இல்லை, அழுகையாகவும் இல்லை. நிஜமாகவே அடிபட்டுக் கரையில் கிடக்கிறவள், ஊரைப் பார்த்துக் கூப்பிடுவது போல இருந்தது. உச்சியில் குரலே இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கி வந்து, கடைசி வரியை முடித்து, இரண்டாம் தடவையும் செத்தாள்.

யாரும் கைதட்டவில்லை.

எனக்குப் பின்னால் சீட்டு கிரீச்சிட்டது. தாமல்காரர் எழுந்து நின்று, தழுதழுத்த குரலில், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே கேட்டார். "ஒன்ஸ்மோர்மா!"

மேடையில் பிணம் தலையைத் தூக்கியது.

"இன்னிக்கிப் போதும்பா. உங்க ஊருக்கு வந்து பாடறேன், அங்க கேளுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, மூன்றாம் தடவையும் செத்துப்போனாள்.